'இல்லை' என்று சொல்ல இடம் தராத ப்ராம்ப்ட்: நியூயார்க் வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ப்ராம்ப்ட் (ஏஐ கருவிக்கு நாம் தட்டச்சு செய்யும் கேள்வி அல்லது கட்டளை) எழுதுவது பற்றிப் பேசும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டுவது 2023இல் நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கைத்தான். அதில் வழக்கறிஞர் சாட்ஜிபிடியிடம் என்ன தட்டச்சு செய்தார், அது என்ன பதில் சொன்னது என்ற விவரம் நீதிமன்ற ஆவணத்திலேயே பதிவாகியிருக்கிறது. ப்ராம்ப்டும் பதிலும் அதன் விளைவும் ஒரே இடத்தில் இப்படிக் கிடைப்பது அபூர்வம். சம்பந்தப்பட்டவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. பயணி, விமான நிறுவனம், ஆய்வு செய்த வழக்கறிஞர், கையெழுத்திட்ட வழக்கறிஞர் என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

2019 ஆகஸ்ட் 27 அன்று எல் சால்வடாரிலிருந்து நியூயார்க்குக்கு வந்த விமானத்தில், உணவு பரிமாறும் உலோகத் தள்ளுவண்டி ஒரு பயணியின் முழங்காலில் மோதியது. காயத்துக்கு இழப்பீடு கேட்டு 2022 பிப்ரவரியில் அவர் வழக்குப் போட்டார். விபத்துக்கும் வழக்குக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது.

பன்னாட்டு விமானப் பயணத்தில் ஏற்படும் காயங்களுக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன் 35ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடும். 2023 ஜனவரியில் விமான நிறுவனம் இதைக் காட்டித்தான் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரியது.

பயணியின் தரப்புக்கு ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. அந்த நிறுவனம் 2020 மே மாதம் திவால் பாதுகாப்புக் கோரி அமெரிக்க நீதிமன்றத்தை நாடியிருந்தது. திவால் நடவடிக்கை நடக்கும்போது அந்த நிறுவனத்தின் மீதான வழக்குகள் நிறுத்தி வைக்கப்படும். அப்படியானால் அந்த நாட்களைக் காலவரையறைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும் என்று வாதிடலாம். வாதிடலாம் என்பது சரி, ஆனால் அதற்கு முன்தீர்ப்பு, அதாவது முந்தைய வழக்கு ஒன்றில் அப்படி வந்த தீர்ப்பு, வேண்டும்.

ஆய்வு செய்த வழக்கறிஞருக்கு முப்பது ஆண்டுக்கு மேல் அனுபவம் உண்டு. ஆனால் அவருடைய வேலை பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களில்தான். இந்த வழக்கோ கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாறிவிட்டது. அங்கே வாதாட அவருக்கு அனுமதி இல்லாததால், அதே அலுவலகத்தைச் சேர்ந்த இன்னொரு வழக்கறிஞர் பெயரைக் கொடுத்துக் கையெழுத்திட்டார். ஆய்வும் எழுத்தும் மட்டும் முதலாமவரிடமே இருந்தன. அலுவலகம் சந்தா கட்டியிருந்த சட்டத் தரவுத்தளத்தில் கூட்டாட்சித் தீர்ப்புகளைத் தேட அவருக்குப் போதிய வசதி இல்லை. சாட்ஜிபிடியைப் பற்றிக் குடும்பத்தில் கேள்விப்பட்டிருந்தார். அது ஒரு பெரிய தேடுபொறி என்று நம்பினார்.

அவருடைய நிலையில் யாரும் இருக்கலாம் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். பழக்கமில்லாத துறை, கையில் சரியான கருவி இல்லை, தள்ளுபடிக் கோரிக்கையை எதிர்த்து மனு தாக்கல் செய்ய நாள் நெருங்குகிறது. நம்மில் பலர் இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஏஐ கருவியைத் திறக்கிறோம்.

அவர் கேட்டது என்ன

முதல் ப்ராம்ப்டின் கருத்து இது: மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ், பிரதிவாதி திவாலானதால் காலவரையறை ஓடாமல் நிற்கிறது என்று வாதிடு.

இதற்கு வந்த பதிலை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். உடன்படிக்கை, காலவரையறை, திவால் நிறுத்தம் ஆகியவற்றைப் பற்றிப் பொதுவாக விளக்கிவிட்டு, வழக்கு எந்த நாட்டில் போடப்படுகிறதோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது என்றும் கருவி சொன்னது. அப்புறம், கேட்டபடியே, காலவரையறை நிற்கும் என்று முடித்தது. தீர்ப்பு எதையும் அது காட்டவில்லை.

ஆக, முதல் பதிலிலேயே ஒரு தயக்கம் இருந்தது. முன்தீர்ப்பு ஒன்றுகூட இல்லாததும் கண்முன்னே தெரிந்தது. அந்த இடத்தில் நின்று, "எதைப் பொறுத்தது? இதற்கு மாறாகச் சொல்லும் வாதம் என்ன?" என்று கேட்டிருந்தால் உரையாடலின் போக்கே மாறியிருக்கும்.

அடுத்து அவர் கேட்டது, இந்த வாதத்துக்கு ஆதரவான தீர்ப்புகளைத் தா என்பது. அதன் பிறகு, விமான நிறுவனம் திவாலானதால் காலவரையறை நிறுத்தப்பட்ட கூட்டாட்சி வழக்குகளில் வந்த குறிப்பான தீர்ப்புகளைக் காட்டு என்றார். இன்னும் வழக்குகளைக் காட்டு என்றும் கேட்டார். திவாலைக் காரணமாக வைத்து மாண்ட்ரியல் உடன்படிக்கை காலவரையறையை நிறுத்த அனுமதித்த வழக்குகள் சிலவற்றைக் கொடு என்று, தட்டச்சுப் பிழையோடு அவசரமாக, இன்னொரு ப்ராம்ப்டும் இருக்கிறது.

வரிசையாகப் பார்த்தால் இவை ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறிப்பாகவும் தெளிவாகவும் இருக்கின்றன. ப்ராம்ப்ட் எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் "குறிப்பாகக் கேளுங்கள்" என்கிறார்கள். அவரும் அதைத்தான் செய்தார். குறை வேறிடத்தில் இருந்தது. முதல் ப்ராம்ப்டிலேயே முடிவு தீர்மானமாகிவிட்டது. அடுத்த ப்ராம்ப்டுகள் எல்லாம் அப்படிப்பட்ட தீர்ப்புகள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு கேட்கின்றன. "அப்படி எதுவும் இல்லை" என்ற பதில் உட்கார இந்த வாக்கியங்களில் ஒரு மூலைகூடக் கிடையாது.

கருவி கொடுத்தது என்ன

சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரி என்பது, இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகும் கருவி. 2022 நவம்பர் 30 அன்று வெளியான சாட்ஜிபிடி, இந்த மனு எழுதப்பட்ட நேரத்தில் இணையத்தில் தேடிப் பார்க்காது. தீர்ப்புத் தொகுப்புகளோடு அதற்கு எந்த இணைப்பும் இல்லை. ஆனால் அமெரிக்கத் தீர்ப்புகள் எப்படி எழுதப்படும், மேற்கோள் எந்த வடிவில் வரும் என்பது அதற்கு அத்துப்படி. இரண்டு பெயர், நடுவில் 'எதிர்', தொகுதி எண், தொகுப்பின் பெயர், பக்க எண், நீதிமன்றம், ஆண்டு.

அந்த வடிவத்தில் வார்த்தெடுக்கப்பட்டதுதான் "வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்". பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2019, ஃபெடரல் ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்புத் தொகுப்பின் மூன்றாம் வரிசை, 925ஆம் தொகுதி, 1339ஆம் பக்கம். வர்கீஸ் என்பது கேரளக் கிறிஸ்தவர்களிடையே சாதாரணமாகப் புழங்கும் பெயர். ஆசியாவுக்குப் பறந்த ஒருவர் சீன விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் அப்படி ஒரு வழக்கு நடக்கவே இல்லை. அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முற்றிலும் வேறொரு வழக்கு இருக்கிறது.

பிறகு கருவியிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட அந்தத் 'தீர்ப்பின்' வாசகத்தையும் நீதிபதி படித்துப் பார்த்திருக்கிறார். தொடக்கத்தில் அது, இறந்துபோன ஒருவரின் சார்பில் சூசன் என்ற பெண் தொடுத்த வழக்கு. கொஞ்சம் தள்ளிப் போனால், அனீஷ் என்ற வேறொரு வர்கீஸ் விமானத்தில் ஏற்றிக்கொள்ளப்படாமல் போன கதையாகிவிடுகிறது. ஓரிடத்தில் ஒரு திவால் சட்டப் பிரிவின் கீழ் மனு போட்டவர், இன்னோரிடத்தில் காரணம் சொல்லாமலே வேறொரு பிரிவுக்குப் போய்விடுகிறார். வரிவரியாகப் பார்த்தால் தீர்ப்பின் நடை. முழுதாகப் படித்தால் தலையும் வாலும் பொருந்தவில்லை. அலுவலகத்தில் யாராவது ஒருவர் இரண்டு பக்கத்தை நிதானமாகப் படித்திருந்தால்கூட இது கண்ணில் பட்டிருக்கும்.

சரிபார்த்ததாக நினைத்த இடம்

ஆய்வு செய்த வழக்கறிஞர் சந்தேகமே படவில்லை என்று சொல்ல முடியாது. 2023 மே மாதம் அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தோடு கைபேசியில் எடுத்த திரைப்படிகள் (ஸ்கிரீன்ஷாட்) இணைக்கப்பட்டிருந்தன. வர்கீஸ் உண்மையான வழக்கா என்று அவர் கேட்கிறார். ஆம், உண்மையான வழக்கு என்கிறது கருவி. உன் ஆதாரம் என்ன என்று கேட்கிறார். குழப்பத்துக்கு மன்னிக்கவும், மறுபடி சரிபார்த்தேன், வழக்கு இருக்கத்தான் செய்கிறது, சட்டத் தரவுத்தளங்களில் காணலாம் என்கிறது. நீ கொடுத்த மற்ற வழக்குகள் பொய்யா என்கிறார். இல்லை, எல்லாம் உண்மையானவை என்று பதில் வருகிறது.

"மறுபடி சரிபார்த்தேன்" என்ற சொல்லை நம்பியதுதான் இங்கே நடந்த பெரிய தவறு. அந்தக் கருவி எதையும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க அதற்கு வழியும் இல்லை. இப்படிப்பட்ட கேள்விக்கு உரையாடலில் வழக்கமாக எப்படிப்பட்ட பதில் வருமோ, அதைத்தான் எழுதியது. கடைக்காரரிடமே "இது அசல்தானே?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவது போன்றது இது. அந்தக் கருவி சொன்ன தரவுத்தளங்களில் ஒன்றைத் திறந்து அந்தப் பெயரைத் தேடியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். தன் அலுவலகத்தில் வசதி இல்லையென்றால் பொதுச் சட்ட நூலகத்துக்குப் போயிருக்கலாம்.

தாக்கலுக்குப் பிறகு எடுத்த முடிவுகள்

2023 மார்ச் 1 அன்று மனு தாக்கலானது. கையெழுத்திட்ட வழக்கறிஞர், அதில் மேற்கோள் காட்டப்பட்ட தீர்ப்புகளில் ஒன்றையும் பார்க்கவில்லை. பல ஆண்டு உடன் வேலை செய்தவர் எழுதியது என்ற நம்பிக்கை.

மார்ச் 15 அன்று விமான நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், இந்தத் தீர்ப்புகளில் பலவற்றைத் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். தவறைத் திருத்திக்கொள்ள இது நல்ல வாய்ப்பு. மனுவைத் திரும்பப் பெற்றிருக்கலாம். யாரும் எதுவும் செய்யவில்லை.

ஏப்ரல் 11 அன்று அந்தத் தீர்ப்புகளின் நகலைக் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். கையெழுத்திட்டவர், தான் விடுமுறையில் இருப்பதாகச் சொல்லி ஒரு வாரம் வாய்தா வாங்கினார். விடுமுறையில் போனவர் ஆய்வு செய்தவர்தான் என்பது பிறகு விசாரணையில் தெரியவந்தது. ஏப்ரல் 25 அன்று 'நகல்கள்' வந்தன. முழுத் தீர்ப்பு இருக்காது, ஆன்லைன் தரவுத்தளத்தில் கிடைத்த அளவு இணைத்திருக்கிறோம் என்று அதில் ஒரு குறிப்பு. அந்த 'ஆன்லைன் தரவுத்தளம்' சாட்ஜிபிடிதான் என்பதைச் சொல்லவில்லை.

மே 4 அன்று நீதிபதி, சமர்ப்பித்தவற்றில் ஆறு வழக்குகள் போலியாகத் தெரிகின்றன, அவற்றுக்குள் இருக்கும் மேற்கோள்களும் போலி என்று எழுதி விளக்கம் கேட்டார். அதன் பிறகுதான் சாட்ஜிபிடியின் பெயரே வெளியே வந்தது. ஆய்வுக்குத் துணையாகப் பயன்படுத்தினேன் என்றார் ஆய்வு செய்த வழக்கறிஞர். ஜூன் 8 விசாரணையில் கேட்டபோது, துணையாக அல்ல, அதை மட்டுமே நம்பியிருந்தது தெரியவந்தது.

விளைவு

2023 ஜூன் 22 அன்று நியூயார்க் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு வழக்கறிஞர்களும் அவர்களுடைய நிறுவனமும் சேர்ந்து 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டும். தீர்ப்பின் நகலோடு தங்கள் கட்சிக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும். போலித் தீர்ப்புகளை எழுதியவர்களாகக் காட்டப்பட்ட நிஜ நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் அதேபோல் கடிதம் அனுப்ப வேண்டும்.

நம்பகமான ஏஐ கருவியின் உதவியைப் பெறுவதிலேயே தவறு ஒன்றுமில்லை என்று அந்தத் தீர்ப்பின் தொடக்கத்திலேயே நீதிபதி சொல்கிறார். தாக்கல் செய்வது சரியானதா என்று உறுதிசெய்யும் பொறுப்பு வழக்கறிஞருடையது என்கிறார். எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியவுடனோ நீதிமன்ற உத்தரவு வந்தவுடனோ உண்மையை ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வெகுவாக வேறுபட்டிருக்கும் என்பதும் அதில் இருக்கிறது.

அதே நாளில் பயணியின் வழக்கும் காலங்கடந்தது என்று தள்ளுபடியானது. இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பலர் வழக்கறிஞர்களோடு நிறுத்திக்கொண்டார்கள். முழங்கால் காயத்தோடு வந்து இவர்களை நம்பியவர் என்ன ஆனார் என்று கேட்டால் பதில் இதுதான். அவருடைய வழக்கு முதலிலிருந்தே பலவீனமானது. அந்தப் பலவீனத்தை அவருக்கு யாராவது ஜனவரியிலேயே நேர்மையாகச் சொல்லியிருக்க முடியும். முதல் ப்ராம்ப்டை வேறு மாதிரி எழுதியிருந்தால் அதற்கான ஒரு குறிப்பு அப்போதே கிடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ப்ராம்ப்டில் எதை மாற்றியிருக்கலாம்

நல்ல ப்ராம்ப்ட் எழுதியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. தரவுத்தளத்தோடு இணைப்பில்லாத கருவியிடம் எவ்வளவு அழகாகக் கேட்டாலும், தீர்ப்புப் பெயர் கேட்டால் பொய்ப் பெயர் வரும் அபாயம் இருந்துகொண்டே இருக்கும். இன்றைய கருவிகள் பல இணையத்தில் தேடுகின்றன. அபாயம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. ஆகையால் முதல் மாற்றம், அந்தக் கருவியால் எது முடியுமோ அதை மட்டும் கேட்பது. மொழி, வாதத்தின் அமைப்பு, தேடுவதற்கான சொற்கள், கையில் இருக்கும் வாசகத்தை அலசுவது ஆகியவற்றில் அது கெட்டிக்காரக் கருவி.

அவருடைய முதல் ப்ராம்ப்டை நான் இப்படி எழுதியிருப்பேன்:

"1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 35ஆம் பிரிவு இரண்டாண்டு வரம்பு வைக்கிறது. விமான நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரியிருந்தால் அந்த வரம்பு ஓடாமல் நிற்குமா, நிற்காதா? பயணி தரப்பு, நிறுவனத்தின் தரப்பு இரண்டின் மிக வலுவான வாதத்தையும் தனித்தனியாகச் சொல். எந்தக் கூற்றில் உனக்கு உறுதி இல்லையோ அதன் பக்கத்தில் 'உறுதி இல்லை' என்று எழுது. தீர்ப்புகளின் பெயரோ எண்ணோ தராதே. சட்டத் தரவுத்தளத்தில் எந்தச் சொற்களைக் கொண்டு தேடினால் இரு பக்கத் தீர்ப்புகளும் கிடைக்கும் என்று மட்டும் சொல்."

அவருடைய ப்ராம்ப்டைவிட இது நீளம்தான். ஆனால் நீளத்தால் வரும் பலன் குறைவு. 'நிற்குமா, நிற்காதா' என்று இரண்டையும் திறந்து வைத்ததும், 'உறுதி இல்லை' என்று எழுத அனுமதி கொடுத்ததும், பெயர் தராதே என்று தடுத்ததும்தான் இதில் வேலை செய்யும் பகுதிகள். நம் ஊரில் ஆபீஸ் கடிதம் எழுதச் சொன்னாலும் சமையல் அளவு கேட்டாலும் இதே அமைப்பு உதவும். என்ன பதில் வேண்டும் என்று நாம் ஏற்கெனவே விரும்பிவிட்டோமோ, அந்த விருப்பத்தை ப்ராம்ப்டில் காட்டாமல் இருப்பதுதான் பழகக் கஷ்டமான விஷயம். நானே இன்றும் அனுப்பும் முன் ஒருமுறை படித்து, "ஏன் நல்லது?" என்று எழுதியிருப்பதை "நல்லதா?" என்று மாற்றுகிறேன்.

தேடிக் கிடைத்த நிஜத் தீர்ப்பைப் படித்த பிறகு, அதன் வாசகத்தை முழுதாக ஒட்டி இரண்டாவது ப்ராம்ப்ட்:

"கீழே உள்ள வாசகத்தை மட்டும் வைத்துப் பதில் சொல். திவால் நிறுத்தம் பற்றி இந்த நீதிமன்றம் என்ன முடிவெடுத்தது? ஒவ்வொரு கூற்றுக்கும் எந்தப் பத்தியிலிருந்து எடுத்தாய் என்று காட்டு. வாசகத்தில் இல்லாததை 'இதில் இல்லை' என்று எழுது."

பத்தி எண் கேட்பதால் கருவி பொய் சொல்லாது என்று எண்ணிவிடக்கூடாது. பத்தி எண் இருந்தால் நாம் போய்ப் பார்ப்பது சுலபம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியவர் நாமே. ரகசியமான கட்சிக்கார விவரம் எதையும் இப்படிப் பொதுக் கருவியில் ஒட்டக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெளியான தீர்ப்பு என்றால் பிரச்சினை இல்லை.

மனு எழுதி முடித்த பிறகு, புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து மூன்றாவது:

"நீ விமான நிறுவனத்தின் வழக்கறிஞர். இந்த மனுவில் மிகப் பலவீனமான இடம் எது? எந்த மேற்கோளை முதலில் சரிபார்ப்பாய், ஏன்?"

புதிய உரையாடல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய உரையாடலில் நாம் எந்தப் பக்கம் என்று கருவிக்குத் தெரிந்திருக்கும், முன்பு தான் சொன்னதையே தாங்கிப் பிடிக்கவும் பார்க்கும். நியூயார்க் வழக்கறிஞர் கேட்ட "வர்கீஸ் உண்மையான வழக்கா?" என்ற கேள்வியும் அந்தக் கருவியிடமே கேட்கப்பட்டதுதான்.

அலுவலக நடைமுறையில் எதை மாற்றியிருக்கலாம்

கையெழுத்திடுபவர் ஒவ்வொரு மேற்கோளையும் தானே தரவுத்தளத்தில் திறந்து, முதல் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்திருந்தால், வர்கீஸ் வழக்கு மார்ச் 1க்கு முன்பே பிடிபட்டிருக்கும். இதற்கு ஏஐ பற்றிய அறிவு எதுவும் தேவையில்லை. ஜூனியர் எழுதியதை சீனியர் பார்ப்பது என்ற பழைய வழக்கம்தான். இங்கே எழுதியவரும் சீனியர் என்பதால் அது விட்டுப்போனது.

எந்தக் கருவியில் எந்த ப்ராம்ப்டைக் கொடுத்தோம் என்பதை அப்படியே கோப்பில் சேர்த்து வைப்பது இன்னொரு மாற்றம். இந்த வழக்கில் அந்தப் பதிவு நீதிமன்றம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. கையெழுத்திடப் போகிறவர் மேசையில் மனுவோடு சேர்த்து அந்த ஐந்து ப்ராம்ப்டுகளையும் வைத்திருந்தால், சட்டம் படித்த எவருக்கும் இரண்டாவது வரியிலேயே கேள்வி எழுந்திருக்கும்: ஆதரவான தீர்ப்புகளைக் கேட்டிருக்கிறீர்கள், எதிரானவை எங்கே?